என் பக்கத்தில் ஒரு பிரேக்

ஞாயிறு, மார்ச் 3

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நலம், முழங்கால் மட்டும் தன் இஷ்டப்படி நடந்துகொள்கிறது. போனில் நீ எது கேட்டாலும் "எல்லாம் சரி" என்று சொல்லி வைத்துவிடுகிறேன் என்று குறைப்பட்டுக்கொண்டாய். எனக்குப் போனில் பேச வராது, கண்ணு. முப்பத்தொரு வருஷம் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்தவளுக்கு, விஷயம் என்றால் அது உறைக்குள் இருந்தாக வேண்டும்.

போன வாரம் உன் காரின் பக்கக் கண்ணாடியை மறுபடியும் தூணில் இடித்துக்கொண்டதாகச் சொல்லிச் சிரித்தாய். இது மூன்றாவது தடவை. ஊரே கியர் சார் என்று கூப்பிட்ட வாத்தியாரின் மகள் என்று அங்கே யாரிடமும் சொல்லிவிடாதே, மானம் போய்விடும். பார்த்து ஓட்டு.

அப்பா போய் நான்கு மாதம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவருக்கு நினைவு விழா வைக்கிறார்கள், இந்த மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை. இப்போதைய தலைமை ஆசிரியை வீடு தேடி வந்தார். அவரும் அப்பாவிடம் படித்தவர்தானாம். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வகுப்பையே வண்டியைச் சுற்றி நிற்கவைத்து, வெப்பமும் அழுத்தமும் பாடம் நடத்தினாரே, அந்த வகுப்பில் முன்வரிசையில் நின்று மூக்கில் கரி பூசிக்கொண்டவராம். அப்பாவின் காரைப் பள்ளிக்குக் கொடுத்தால் வாசலில் கண்ணாடிக் கூண்டு கட்டி அதற்குள் நிறுத்திவைப்போம் என்றார். நான் யோசிக்கவே இல்லை. எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். அவர் என்னைவிட அந்த வண்டியைத்தான் அதிகம் துடைத்தார் என்று நாம் இருவரும் கேலி செய்வோமே. உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அந்த வண்டியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரை ரோட்டில் ஒரு சுற்று போய்வருவோம். மழை பெய்தாலும் போவோம், சண்டை போட்டிருந்தாலும் வாயைத் திறக்காமல் போவோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அது நின்றுபோனது. கேட்டால் ஸ்பிரிங் சரியில்லை என்பார். அடுத்த வாரம் கேட்டால் டயர் என்பார். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணிக்கு, சிறுநீரகம் பழுதானவர்களை டயாலிசிஸுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போவாரே, அதற்கு மட்டும் ஸ்பிரிங்கும் டயரும் ஒழுங்காக இருக்கும். பதினோரு வருஷமாக ஒரு நாள் தவறாமல் செய்த காரியம், அதை நான் குறை சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் அந்த வண்டி ஓடியது, எனக்கு மட்டும்தான் ஓடவில்லை.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். ஹாலில் சோபாவில் என் பக்கத்தில் உட்காருவதை விட்டுவிட்டு, எதிரே பிரம்பு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். சாப்பாட்டு மேஜையிலும் எதிர்ப்பக்கம் போய்விட்டார். முப்பத்தாறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்த மனுஷனுக்கு அலுத்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டு அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

சரி, அழுவதற்காக இதை எழுத உட்காரவில்லை. ஒரு புதிர் இருக்கிறது. நேற்று வண்டியைப் பள்ளிக்குக் கொடுக்குமுன் சுத்தம் செய்யலாம் என்று ஷெட்டுக்குப் போனேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் சீட்டில் உட்கார்ந்தேன். என் கால் எங்கேயும் எட்டவில்லை. சீட் கடைசிப் பல் வரைக்கும் பின்னால் தள்ளியிருந்தது. உயரமான ஆள் யாரோ உட்கார்ந்திருக்கிறார். டிரைவர் சீட்டைப் பார்த்தால் அதற்கு நேர்மாறு, ஸ்டியரிங்கை இடிக்கிற அளவுக்கு முன்னால் இழுத்து, மேலே ஒரு குஷன் வேறு. உன் அப்பா ஆறடி. அங்கே அவர் உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும்.

இன்னும் கேள். என் சீட்டுக்கு முன்னால் மிதியடியை எடுத்து உதறப் போனால், கீழே ஒரு பிரேக் பெடல். ஆமாம், இடப்பக்கம். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இருக்குமே, அது மாதிரி. டிரைவர் கதவுப் பையில் ஒரு நீல நிறச் சாக்கட்டி கிடந்தது. பள்ளிக்கூடச் சாக்பீஸ் இல்லை, தட்டையாக, தேய்ந்த சோப்புத் துண்டு மாதிரி இருக்கிறது.

ஆக, யாரோ குள்ளமான ஆள் அவருடைய வண்டியை ஓட்டியிருக்கிறார். தன் ஸ்டியரிங்கில் ஈ உட்கார்ந்தாலே கோபப்படுகிற மனுஷன்! கல்யாணமான புதிதில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து, நான் பள்ளிக்கூடச் சுவரில் மோதியதிலிருந்து சாவியைக்கூட என் கையில் கொடுக்காதவர்.

டூல் பெட்டியில் ஸ்பானர்களுக்கு நடுவே லேபிள் உரிந்த சின்ன பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று இருந்தது. பூட்டுக்குப் போடுகிற எண்ணெய் என்று நினைத்து, கிறீச்சிடும் நம் அலமாரிக் கீலில் நாலு சொட்டு விட்டேன். பிரயோஜனமே இல்லை, இன்னும் கத்துகிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

அம்மா


வியாழன், மார்ச் 14

அன்புள்ள மகளுக்கு,

"அதையெல்லாம் கிளறாதேம்மா, விட்டுவிடு" என்று செய்தி அனுப்பியிருந்தாய். முப்பத்தொரு வருஷம் ஊரார் கடிதத்தையெல்லாம் பிரிக்காமல் கையில் வைத்திருந்தவள் நான். அடக்கி வைத்த ஆர்வமெல்லாம் வட்டியோடு சேர்ந்து இப்போது வந்து நிற்கிறது. விட முடியாது.

முதலில் மெக்கானிக்கைப் பிடித்தேன். நட்டு என்று அப்பா கூப்பிடுவாரே, அவர்தான். என்னைப் பார்த்ததும் தலையை ஒரு லாரி பானெட்டுக்குள் விட்டுக்கொண்டார். நானும் பக்கத்தில் டயர் மேல் உட்கார்ந்துகொண்டேன். எவ்வளவு நேரம்தான் உள்ளேயே இருப்பார்? வெளியே வந்து கையைத் துடைத்தபடி ஒப்புக்கொண்டார்: பிரேக்கை மாட்டியது தான்தானாம், ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகிறதாம், சார் யாருக்கோ கற்றுக்கொடுப்பதாகச் சொன்னாராம். யாருக்கு என்று கேட்டேன். அதைச் சொன்னால் சார் எழுந்து வந்து பெஞ்சு மேல் நிற்கவைப்பார் என்றார். நாற்பத்தைந்து வயதுக்காரர், தலைமுடி பாதி நரைத்தாயிற்று.

கிளம்பும்போது ஷெட்டில் தொங்குகிற மணியைப் பற்றிக் கேட்டேன். உனக்குத் தெரியாதே, பள்ளியில் வேண்டாம் என்று கழித்துப் போட்ட கைமணி ஒன்றைக் கொண்டுவந்து ஷெட்டின் பின்சுவர் பக்கம் பம்பர் உயரத்துக்குக் கட்டியிருந்தார். வண்டி உள்ளே வந்து அதைத் தொட்டால் டிங் என்று கேட்கும், உடனே நிறுத்துவார். வண்டிக்கும் அட்டெண்டன்ஸ் எடுக்கிறீர்களா என்று கிண்டல் செய்வேன். மணி என்றதும் நட்டுக்குக் கண் கலங்கியது. கிரீஸ் பட்டுவிட்டது என்றார். அதை நம்புகிற வயதா எனக்கு?

சிரிக்காதே. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. அந்த குஷனில் சின்னச் சின்னதாகப் பூத்தையல் போட்டிருக்கிறது. அது ஒரு பெண் போட்ட தையல். எனக்கு மறுத்த ஸ்டியரிங்கை யாரோ ஒரு பெண்ணுக்குக் கொடுத்து, என் இடத்தில் தான் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு போயிருக்கிறார். அறுபது வயதில் இப்படி எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. யாரிடம் சொல்ல? உன்னிடம்தான்.

திருடன் தானாகவே அகப்பட்டான். வண்டியின் முன்சீட் உறை ஓரத்தில் பிரிந்திருந்தது. பள்ளிக்குக் கொடுக்கிற பொருளைக் கிழிசலோடு கொடுப்பானேன் என்று கழற்றி எடுத்துக்கொண்டு, மார்க்கெட் பின்தெருவில் இருக்கிற தையல்காரம்மாவிடம் போனேன். உனக்குப் பள்ளிச் சீருடை தைத்தவர். அவர் வீட்டுக்காரர் நம் பள்ளியில் வாட்ச்மேனாக இருந்தவர், அப்பா ஏற்றிக்கொண்டு போகும் டயாலிசிஸ்காரர்களில் ஒருவர். சீட் உறையை மேஜை மேல் விரித்தேன். மேஜையில் அதே நீலச் சாக்கட்டி! துணியில் கோடு போடுகிற சாக்கு.

உறையைப் பார்த்ததும் அந்த அம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் உறையைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்தம்மாவின் உயரத்தைப் பார்த்தேன். என் தோள்வரைக்கும் வருவார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் குஷன் போட்டால்தான் ரோடு தெரியும்.

அப்பா போனதிலிருந்து தன் வீட்டுக்காரரும் மற்ற இரண்டு பேரும் பஸ்ஸில்தான் போகிறார்கள் என்றார். இரண்டு பஸ் மாற வேண்டுமாம், வரும்போது ஒருவர் மயங்கியே விழுந்துவிட்டாராம். என் முகத்தில் விழிக்கப் பயந்துதான் துக்கத்துக்கு வந்தபோதுகூட வாசலோடு போய்விட்டாராம். என்ன நடந்தது என்று நேராகக் கேட்டேன். "இங்க வேணாம்மா. செவ்வாக்கெழம எங்ககூட பஸ்ல வாங்க. அங்க காட்டிட்டு சொல்றேன்" என்றார்.

போகப்போகிறேன். என்ன காட்டப்போகிறார் என்று மண்டை வெடிக்கிறது. ஒரு விஷயம், நீ அந்தச் செய்தியில் மறுபடியும் எழுதியிருக்கிறாய்: இரண்டு வருஷம் முன்னால் நீ வந்தபோது ஸ்டேஷனில் பெட்டிகளோடு கையை ஆட்டிக்கொண்டு நின்ற உன்னை அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போனதை. ஊரைவிட்டுப் போனதற்கு மனசில் வைத்துக்கொண்டு அவமானப்படுத்தினார் என்று நீ நான்கு நாள் முன்னதாகவே கிளம்பிப் போனாய். அவர் அந்த மாதிரி ஆள் இல்லை என்று அப்போது சொன்னேன். இப்போது அதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கே ஆயிரம் சந்தேகம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா


புதன், மார்ச் 27

என் தங்கமே,

உறையின் மேல் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்துப் பயந்திருப்பாய். பயப்படாதே. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே புரிகிறது.

பத்தொன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போனேன். இரண்டாவது பஸ்ஸில் உட்கார இடமில்லை. வாட்ச்மேன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐம்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், இப்படி ஒரு பயணம் என்று தெரியாது. அவர்களை மெஷினில் படுக்கவைத்த பிறகு நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். தையல்காரம்மா என்னை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த நான்கு மணி நேரத்தில் உன் அப்பா எங்கே உட்கார்ந்திருப்பார் என்று காட்டினார். கண் டாக்டர் அறைக்கு வெளியே, ஜன்னலோரப் பெஞ்சு.

உன் அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது, கண்ணு. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிக்கொண்டே வருமாம். வலி கிடையாது. நேர் எதிரே இருப்பது தெரியும். பக்கவாட்டில் இருப்பது தெரியாது. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி என்று டாக்டர் சொன்னார். அப்பா காட்டிக்கொள்ள வந்தபோதே முக்கால்வாசி போய்விட்டதாம்.

நீ வந்து போன அடுத்த மாதம், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, இடப்பக்கம் வந்த ஒரு சைக்கிள்காரரை அவர் பார்க்கவே இல்லை. உரசிவிட்டார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கூடை வெங்காயம்தான் ரோடெல்லாம் உருண்டது. அப்பா இறங்கி ஒவ்வொரு வெங்காயமாகப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, திரும்ப வந்து ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்று பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டாராம். நட்டு வந்துதான் எல்லோரையும் வீட்டில் விட்டிருக்கிறார்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு நிறுத்தியிருப்பார்கள். இவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தையல்காரம்மாவைக் காலிப் பள்ளி மைதானத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது சார் என்று அவர் அழாக்குறையாகச் சொல்ல, இருபது வருஷமாக மெஷின் பெடல் மிதிக்கிற காலுக்கு கிளட்ச் என்ன பிரமாதம் என்றாராம். நான்கு மாதம் ஞாயிறு தவறாமல் பாடம், அதுவரைக்கும் செவ்வாயும் வெள்ளியும் நட்டு ஓட்டியிருக்கிறார். பழைய மாணவர் கூட்டம் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாரே, அது இதுதான். லைசென்ஸ் வாங்கிய பிறகும் இடப்பக்கம் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே ஒரு வருஷத்துக்கு மேல் போய்வந்திருக்கிறார். இன்ஜின் சத்தத்தை வைத்தே கியர் மாற்றச் சொல்வாராம். நம் வீட்டிலிருந்து மாவு மில் முனை வரைக்கும், நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன் என்பதால், தானே மெதுவாக ஓட்டிக்கொண்டு போய், அங்கே இடம் மாறிக்கொள்வார்களாம். இருட்டான ஷெட்டுக்குள் சுவர் தெரியாதவருக்காகத்தான் அந்த மணி. நான் அதை அட்டெண்டன்ஸ் என்று கிண்டல் செய்தேன்.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று தையல்காரம்மாவிடம் கேட்டேன். சொன்னால் நான் வண்டியை விற்கச் சொல்வேன், வண்டி போனால் இவர்களுடைய செவ்வாய்க்கிழமை போய்விடும் என்றாராம். நியாயம்தான். கட்டாயம் விற்கச் சொல்லியிருப்பேன். அப்படியும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஊர் முழுக்கப் பாடம் எடுத்த மனுஷன் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் போய்விட்டாரே. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டே திட்டினேன். ஒரு நர்ஸ் வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்புறம் அந்த அம்மா இன்னொன்று சொன்னார். அவர் ஒரு நாள் அப்பாவிடம் கேட்டாராம், வாரத்தில் இரண்டு நாள் எங்களோடு வருகிறீர்களே, அம்மாவை ஒரு நாள் ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாதா, நான் ஓட்டுகிறேன் என்று. அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"பக்கத்துல உக்காந்தா அவ மூஞ்சி தெரியலம்மா. எதிர்ல உக்காந்தாத்தான் தெரியுது. இருக்கற கொஞ்சத்தையும் ரோட்டப் பாத்து செலவழிக்க சொல்றியா?"

பிரம்பு நாற்காலி, கண்ணு. சாப்பாட்டு மேஜையின் எதிர்ப்பக்கம். நான் அலுப்பு என்று நினைத்தேன்.

ஸ்டேஷனில் நீ நின்றது அவருக்கு இடப்பக்கம். பெட்டியை வைத்துக்கொண்டு தூணோரமாக நின்றாய். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன், நன்றாக நினைவிருக்கிறது. அவர் உன்னைத் தாண்டிப் போகவில்லை. உன்னைத் தேடிக்கொண்டுதான் நேராகப் போனார்.

வண்டி கண்ணாடிக் கூண்டுக்குப் போகாது. தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிட்டேன். விழா நாளில் வந்து வாசலில் நிற்கும், செவ்வாய்க்கிழமை அதற்கு வேலை இருக்கிறது என்று. அவர் கேட்டுவிட்டு, சாரும் இதைத்தான் சொல்லியிருப்பார் என்றார். நேற்றுதான் முதல் நாளாகப் போய்வந்தோம். தையல்காரம்மா ஓட்ட, பின்னால் மூன்று பேர், முன்னால் நான். என் சீட்டைப் பழைய பல்லுக்கு இழுத்துக்கொண்டேன். பிரேக் இப்போது என் பொறுப்பு. எதிரே கோழி வந்தாலும் மிதித்துவிடுகிறேன். மூன்று தடவை நடுரோட்டில் நிறுத்திவிட்டேன். பின்சீட்டிலிருந்து வாட்ச்மேன், சார் இருந்தப்ப சீக்கிரமா போவோம் என்று முணுமுணுத்தார்.

இப்போது நீ கவனமாகப் படிக்க வேண்டிய இடம். கண் டாக்டரைப் பார்த்தேன். அந்த லேபிள் உரிந்த பாட்டில் கண்ணில் விடுகிற சொட்டு மருந்து. நம் அலமாரிக் கீலுக்கு இனிமேல் கண் அழுத்தம் வராது. டாக்டரே சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு உன்னைப் பற்றிக் கேட்டார். இது ரத்தத்தில் வருகிற வியாதியாம். அப்பாவின் அப்பா வாசற்படியெல்லாம் இடித்துக்கொண்டு நடப்பாரே, அவருக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்றார். முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டால், காலையும் மாலையும் ஒரு சொட்டு போதும், அப்படியே நிறுத்தி வைத்துவிடலாமாம். உனக்குச் சொல்லச் சொல்லி அப்பாவிடம் இரண்டு தடவை சொன்னாராம். எழுதுகிறேன், எழுதுகிறேன் என்றாராம்.

எழுதத்தான் ஆரம்பித்திருக்கிறார். டாஷ்போர்டு டப்பாவுக்குள் இந்த உறை இருந்தது. உன் விலாசம், ஒட்டிய தபால்தலை, எல்லாம் தயார். உள்ளே வெள்ளைத் தாள், மேலே "மகளுக்கு" என்று ஒரு வார்த்தை. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அந்தத் தாளில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தபால்தலை பழைய கட்டணம், குறைகிற காசுக்கு நான் ஒன்று ஒட்டியிருக்கிறேன்.

மூன்று தடவை பக்கக் கண்ணாடியை உடைத்திருக்கிறாய். நான் சிரித்துக்கொண்டே எழுதினேன், முதல் கடிதத்தில். இப்போது சிரிப்பு வரவில்லை. ஒன்றும் இருக்காது. தூண்தான் குறுகலான இடத்தில் இருக்கும். இருந்தாலும் நாளைக்கே போய்க் காட்டு. ஆபீஸில் வேலை இருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லாதே, அதைத்தான் அவரும் சொன்னார். அதுவரைக்கும் நீ வண்டி ஓட்டாதே, உன் வீட்டுக்காரரை ஓட்டச் சொல்.

காட்டிவிட்டு வந்து எனக்குப் போன் செய். எனக்குப் போனில் பேச வராது, பரவாயில்லை, நீ பேசு. அடுத்த தடவை நீ வரும்போது ஸ்டேஷனுக்கு நான் வருவேன். எதிரே வந்து நிற்க மாட்டேன். உன் பக்கத்தில்தான் நிற்பேன். நீயாக ஓரக்கண்ணில் கண்டு, திரும்பி என்னைப் பார்க்க வேண்டும்.

நல்லா இரு, கண்ணே.

அம்மா